உங்களுக்குத் தெரியும், உங்கள் நினைவுக்குத் தெரியாது

கடிதம் நான்கு பக்கம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவருக்கு 38 வயது. மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு இவர் கார் ஓட்டி வரும்போது, எதிரே வந்த லாரி தடம் மாறி வந்து மோதியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருந்த பள்ளிக்கூடக் காலத்து நண்பர் இறந்துவிட்டார். இவருக்குத் தோள் எலும்பு முறிவு. கிளம்பும்போது நண்பர், “நான் ஓட்டறேன்டா” என்று சாவியைக் கேட்டிருக்கிறார். இவர்தான், “நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருக்கிறார். மோதிய பிறகு எல்லாம் அடங்கிப்போய், இண்டிகேட்டர் மட்டும் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்ததாம். ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறக்கும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன், அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதுகிறார்.

தோள் கூடிவிட்டது. மற்ற எதுவும் கூடவில்லை. அதற்குப் பிறகு காரைத் தொடவில்லை. மகளையும் வண்டியில் அனுப்பப் பயந்து, பள்ளிக்கு நடத்தியே கூட்டிப்போகிறார். வாரத்தில் நாலைந்து நாள் அதே கனவு. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது, மனைவியிடம் எரிந்து விழுகிறார். நண்பரின் அம்மா ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக் கடிகாரங்களிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டார்: முதலில் படுக்கையறை, பிறகு கூடம், கடைசியில் சமையலறை. தூக்கத்துக்காக ராத்திரியில் குடிக்கத் தொடங்கினார். இப்போது அதோடு உறவினர் கொடுத்த தூக்க மாத்திரையும். ஒரு கவுன்சலரிடம் ஒரே ஒரு முறை போயிருக்கிறார். முதல் நாளே கண்ணை மூடச் சொல்லி விபத்தை முழுக்கச் சொல்ல வைத்து, நேரம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்களாம். அடுத்த மூன்று இரவும் தூக்கமே இல்லை. அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவர் கேட்பது: “நான் கோழையா? ரெண்டு வருஷம் ஆகியும் சரியாகலையே, என் மனசு அவ்வளவு பலவீனமா? ஹிப்னாடிசம் மாதிரி ஏதாவது செஞ்சு அந்த ராத்திரியை அழிச்சிட முடியுமா? கவுன்சலிங்னா மறுபடி அதையெல்லாம் சொல்லித்தான் ஆகணுமா?” கடைசி வரி: “அவனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்.”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒருவர் இறந்து தான் பிழைத்த விபத்துக்குப் பிறகு இப்படித் தோன்றுவது சாதாரணம். எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்து இதையே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த வரிக்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கலாம். ஒன்று துக்கம், இன்னொன்று சாக வேண்டும் என்ற எண்ணம். எது என்று கடிதத்தில் தெரியவில்லை, அதனால் நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? எப்படி என்றும் யோசித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம். மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இன்றைக்கே பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம். இல்லை என்றாலும் ஒரு காரியத்தை இன்றே செய்ய வேண்டும்: அந்தத் தூக்க மாத்திரையை உங்கள் கைக்கு எட்டாதபடி மனைவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் இரண்டுமே மூச்சை மந்தப்படுத்துபவை. சேர்த்துப் போட்டால் சாக நினைக்காதவரும் செத்துப்போகலாம். ஒரு எச்சரிக்கை. தினமும் வெகுநாளாகக் குடித்தவரோ மாத்திரை போட்டவரோ திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரைக்கும் போகலாம். ஆகவே எதை எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இனி கடிதத்துக்கு வருவோம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. “மோதின நொடியிலேயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் ரிப்போர்ட்டுல இருக்கு.” அதிலிருந்து நாலு வரி தள்ளி: “நான் மட்டும் அப்ப அசைஞ்சிருந்தா அவன் பிழைச்சிருப்பான்.” இரண்டையும் எழுதியது நீங்கள்தான், ஒரே பேனாவால். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது உங்கள் கண்ணில் படவே இல்லை.

உங்கள் வியாதி இந்த நாலு வரி இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்பேன்.

நண்பர் அந்த நொடியே போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரவின் நினைவுக்கு அது தெரியாது. மருத்துவ அறிக்கை வருவதற்கு முன்பே அது உறைந்துவிட்டது. பிறகு நீங்கள் தெரிந்துகொண்ட எதுவும் அதற்குள் போய்ச் சேரவில்லை. வழக்கமாக ஒரு சம்பவம் நினைவாக மாறும்போது எங்கே, எப்போது, அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதெல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. உயிருக்கே ஆபத்து என்னும்போது அமிக்டலா என்ற அபாய மணி அடிக்கிற அடியில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. சத்தம், வாசனை, வெளிச்சம், உடம்பின் நடுக்கம் இவை ஆழமாகப் பதிகின்றன; தேதி மட்டும் பதிவதில்லை. தேதி இல்லாத நினைவு வரும்போது ‘அன்றைக்கு நடந்தது’ என்று வராது. இப்போது நடப்பதாகவே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு, பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்குச் சொல்லும் முதல் அடையாளமே இதுதான்: நடந்தது இப்போது, இங்கே நடப்பதுபோல் மீண்டும் அனுபவிப்பது. அடுத்தது, அதை நினைவுபடுத்தும் எல்லாவற்றையும் தவிர்ப்பது. மூன்றாவது, ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோன்ற ஓயாத விழிப்பு. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. கடிதத்தைப் படித்து நோயின் பெயரை எழுதிக் கொடுப்பது முறையல்ல, நேரில் பார்ப்பவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். ஆனால் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

“ரெண்டு வருஷம் ஆச்சே”

காலம் ஆற்றும் என்பது பொய்யல்ல. பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், மாதங்களில் தானாகவே தேறிவிடுகிறார்கள். அதனால்தான் முதல் மாதத்தில் இந்த நோயின் பெயரையே நாங்கள் சூட்டுவதில்லை. ஆனால் இரண்டு வருடம் நின்றுவிட்ட ஒன்றை, ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்று விடுவது சரியல்ல. அது ஆறாமல் இருப்பதற்குக் காரணம் உங்கள் மனதின் பலவீனம் இல்லை. ஆறவிடாமல் எதுவோ அதை ஒவ்வொரு நாளும் தடுக்கிறது. அந்த எதுவோ பெரும்பாலும் தவிர்ப்புதான்.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். படுக்கையறைக் கடிகாரத்தை நிறுத்தியதும் ‘அப்பாடா’ என்று இருந்திருக்கும். அந்த ‘அப்பாடா’தான் கண்ணி. கடிகாரம் நின்றதால் தப்பித்தோம், ஆகவே கடிகாரம் ஆபத்தானதுதான் என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்தது கூடத்துக் கடிகாரம். பிறகு சமையலறை. இப்போது மகளின் பள்ளி வண்டிவரை வந்திருக்கிறது. தவிர்ப்பு ஓர் இடத்தில் நிற்காது.

நினைவைத் தவிர்ப்பதற்கும் இதே கதிதான். மனைவி “மறந்துடுங்க” என்கிறார், நீங்களும் முயல்கிறீர்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. கரடிக்கே இந்தப் பாடு.

கோழையா என்ற கேள்விக்கு

ஆபத்தில் உடம்பு போராடும், அல்லது ஓடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். மூன்றாவதும் ஒன்று உண்டு: உறைந்துபோவது. விலங்குகளிடமும் இருக்கிறது, மனிதரிடமும் இருக்கிறது. கை கால் வராது, குரல் வராது, தலையைக்கூடத் திருப்ப முடியாது. யோசித்து எடுக்கும் முடிவு அல்ல அது. யோசிக்கும் பகுதிக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் உடம்பு தானே போட்டுவிடும் பூட்டு. கோழைத்தனம் என்று சொல்ல வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது இருக்கவில்லை. கூடவே தோள் எலும்பும் முறிந்திருந்தது என்பதைக் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறீர்கள்.

இந்தத் தவறை உலகம் பெரிய அளவிலேயே செய்திருக்கிறது. முதல் உலகப் போரில் நடுங்கிப்போய், பேச்சற்று, நடக்க முடியாமல் ஆன சிப்பாய்களின் நிலைக்கு ‘ஷெல் ஷாக்’ (குண்டு வெடிப்பின் அதிர்ச்சி) என்று பெயர் வந்தது. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அதே போரில் பிரிட்டிஷ் ராணுவம் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகத் தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல் அரசு மன்னிப்பு வழங்கியது. பலரும் ஷெல் ஷாக்கால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதுதான் அதற்காகப் போராடிய குடும்பங்களின் வாதம். பி.டி.எஸ்.டி. என்ற பெயரே 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. அந்த வீரர்களுக்கு மன்னிப்பு வர ஏறக்குறைய 90 வருடம் பிடித்தது. நீங்கள் இரண்டு வருடமாக உங்கள்மேல் நடத்திவரும் விசாரணையை அதற்குமுன் முடித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

சாவி விஷயமும் அப்படித்தான். “நீ தூங்கு” என்று சொன்னபோது உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நண்பன் களைத்திருக்கிறான். லாரி வரும் என்பது தெரியாது. அன்று தெரியாத ஒன்றை வைத்து, அன்று எடுத்த முடிவை இன்று விசாரிக்கிறீர்கள். இதற்கு அமர்வுகளில் ஒரு பயிற்சி செய்வோம். தாளில் ஒரு வட்டம். விபத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் முதலில் பட்டியல் போட வேண்டும்: லாரி ஓட்டுநர், அவர் தடம் மாறியது, இருட்டு, அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒரு துண்டு. உங்கள் துண்டைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முதலில் உங்கள் பங்கைக் கேட்டால் முழு வட்டத்தையும் எடுத்துக்கொள்வீர்கள். தனியாகச் செய்யாதீர்கள், எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் லாரி ஓட்டுநரின் துண்டை நீங்கள் அழித்து அழித்துச் சின்னதாக்குவது தெரியும்.

அழிக்க முடியுமா, சொல்லித்தான் ஆகணுமா

அழிக்க முடியாது. ஹிப்னாடிசத்தாலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். சிகிச்சையில் நாங்கள் செய்வது, விட்டுப்போன தேதியை அந்த நினைவில் போடுவது.

எப்படி என்றால், 2000இல் ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறையை உதாரணமாகச் சொல்கிறேன். நினைவின் மிகச் சூடான புள்ளி எது என்று தேடுவோம். உங்களுக்கு அது மோதல் அல்ல என்று ஊகிக்கிறேன். மோதலுக்குப் பிறகு, இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்த அந்த நிமிடங்கள். அங்கே போய் நிற்கும்போதே, நீங்கள் பிறகு தெரிந்துகொண்டதை அதற்குள் கொண்டுவருவோம்: ‘இந்தச் சத்தம் கேட்கும்போது அவன் ஏற்கெனவே போய்விட்டான். நான் திரும்பியிருந்தாலும் மாறியிருக்காது.’ நாலு வரி தள்ளி இருக்கும் இரண்டு வாக்கியங்களையும் ஒரே வரியில் சேர்க்கும் வேலை இது. அழுகை வரும். இரண்டு வருடமாக நீங்கள் அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பனுக்காக அழுவதற்கு முன்பே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், துக்கத்துக்கு நேரமே கிடைக்கவில்லை.

அதே முறையில் ‘அன்று, இன்று’ என்று ஒரு பயிற்சி உண்டு. டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, வித்தியாசங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று இருட்டு, இன்று விளக்கு எரிகிறது. அன்று பெல்ட் மார்பை அழுத்தியது, இன்று எழுந்து நிற்க முடிகிறது, எழுந்து நில்லுங்கள். கையை ஆட்டுங்கள், அன்று அது முடியவில்லை. காதையே இன்னும் கூர்மையாக்கிக் கேட்கலாம்: கடிகாரம் நிமிடத்துக்குச் சரியாக 60 முறை அடிக்கும். கார் இண்டிகேட்டர் பொதுவாக 60 முதல் 120க்குள், பெரும்பாலான வண்டிகளில் கடிகாரத்தைவிட வேகமாக. ஒரே சத்தம் என்று மூளை நினைத்தது இரண்டு சத்தம் என்று காதுக்குப் புரியும் நொடியில் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு முறைகளும் இருக்கின்றன. ஃபிரான்சின் ஷபீரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய ஈ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர வேண்டும். நடந்ததை நீளமாக விவரிக்க வேண்டியதில்லை என்பதால் உங்களைப் போன்றவர்களுக்குச் சிலசமயம் இது இலகுவாக இருக்கிறது. சி.பி.டி. (Cognitive Processing Therapy) என்ற இன்னொரு முறை வழக்கமாக 12 அமர்வுகள். அதில் சம்பவத்தைவிட, அதைப் பற்றி நீங்கள் செய்துகொண்ட முடிவுகளையே அதிகம் பேசுவார்கள். ஆக, எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. எவ்வளவு, எப்போது என்பது உங்கள் கையில். நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உங்களுக்கு நேர்ந்த அந்த முதல் அனுபவம் பற்றி. சக தொழிலாளியைக் குறை சொல்வது சங்கடம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: வரிசை தவறிவிட்டது. மன அதிர்ச்சிக்கான சிகிச்சைக்கு மூன்று கட்டம் என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதினார். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவைத் தொடுவது, பிறகு வாழ்க்கைக்குத் திரும்புவது. முதல் கட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குடியும் மாத்திரையும் எவ்வளவு என்று கேட்காமல், உடம்பை அமர்த்த ஒரு வழியும் சொல்லிக்கொடுக்காமல், முதல் நாளே திறந்து, மூடாமல் அனுப்பியிருக்கிறார்கள். காயத்தைத் திறந்தது தப்பில்லை, கட்டுப் போடாமல் அனுப்பியதுதான் தப்பு. அதே சமயம் ஒன்றை மனதில் வையுங்கள். நல்ல சிகிச்சையிலும் ஆரம்பத்தில் சில நாள் கனவு கூடலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்பவரிடம் போங்கள்.

போகும் முன் கேட்க வேண்டியவை

அதிர்ச்சிக்கான எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? என்னைப்போல விபத்தில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுமார் எத்தனை அமர்வு ஆகும், பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? இந்த மூன்றையும் ஃபோனிலேயே கேட்கலாம். கேட்டதற்காகக் கோபப்படுபவர் உங்களுக்கு வேண்டாம்.

நான்காவது, ரகசியம். நீங்கள் சொல்வது வெளியே போகாது என்பது விதி. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் விதிவிலக்கு உண்டு. இதை முதல் சந்திப்பிலேயே அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை

உறவினர் கொடுத்தது என்ன மாத்திரை என்று எழுதவில்லை. தூக்கத்துக்குப் பொதுவாகக் கைமாறுவது பென்சோடையசெபைன் வகைதான். இந்த நோய்க்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை, பழக்கமும் ஆகிவிடும். செர்ட்ரலைன், பராக்சிடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நினைத்தபோது நிறுத்தக் கூடாது. வேண்டுமா வேண்டாமா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்தும் பேச்சும் சேர்ந்தே போகலாம், ஒன்று வந்தால் மற்றது தோல்வி என்று அர்த்தமில்லை.

வீட்டில்

உங்கள் மனைவிக்கு இரண்டு வரி. ராத்திரி அவர் அலறி எழும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கை அவருக்குக் கதவை நெம்பும் கையாகத் தெரியலாம். சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்றைக்கு என்ன தேதி, எந்த அறையில் இருக்கிறார் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். “மறந்துடுங்க” என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது உங்கள் அன்பிலிருந்து வருகிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நண்பரின் அம்மாவுக்கு இப்போதே ஃபோன் செய்யச் சொல்ல மாட்டேன். அவர் உங்களைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்பது உங்கள் ஊகம். இரண்டு வருடமாக, நீங்கள் எடுக்காதபோதும் ஒருவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார் என்றால் வேறு காரணம்கூட இருக்கலாம். சிகிச்சையின் பிற்பகுதியில் அந்த அழைப்புக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள். அதுவரை, “பேசும் நிலையில் இல்லைம்மா, கண்டிப்பாகப் பேசுவேன்” என்று ஒரு வரிச் செய்தி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

கடிகாரங்களுக்கு நீங்களாக இப்போது பேட்டரி போட வேண்டாம். சிகிச்சையாளரோடு சேர்ந்து எளிதானதிலிருந்து கடினமானதுவரை ஒரு பட்டியல் போடும்போது அவையும் அதில் வரும். பெரும்பாலும் சமையலறைக் கடிகாரம் முதலில், படுக்கையறை கடைசியில்.

கடிதத்தின் ஓரத்தில் மகள் கேட்டதை எழுதியிருந்தீர்கள்: “ஏம்பா நம்ம வீட்ல மட்டும் கடிகாரம் ஓடல?” பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்ததாகவும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பேட்டரி எங்கே இருக்கும் என்று தெரியும். விபத்தின் விவரம் அவளுக்கு வேண்டாம். அடுத்த முறை கேட்டால், “அந்தச் சத்தம் கேட்டா அப்பாவுக்குப் பழைய பயம் ஒண்ணு வருதும்மா, அதுக்கு ஒருத்தர்கிட்ட போய்ப் பாத்துக்கப் போறேன்” என்று சொல்லுங்கள். அதற்கு முன், போவதற்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். எந்த நாள் என்று அவள் அடுத்துக் கேட்பாள்.